ஒழுகாத ரேடியேட்டர்

ரேடியேட்டர் ஓஸை இறுக்கிப் பிடித்திருந்த பழைய கிளாம்ப் அசைந்து கொடுப்பதற்குள் ராமாமணியின் உள்ளங்கை சிவந்துவிட்டது.

சூலூருக்கு வெளியே, மூடிக் கிடக்கும் நூற்பாலையின் முற்றத்தில் அந்தப் பழைய குவாலிஸ் நின்றிருந்தது. பானெட் திறந்திருந்தது. ஆடிக் காற்று ஆலையின் தகரக் கூரையைப் பிய்த்தெடுக்கப் பார்த்தது. உள்ளே எங்கோ ஒரு கதவு, சாத்த ஆளில்லாமல் அடித்துக்கொண்டே இருந்தது.

“பல் டாக்டர்கூட இவ்வளவு நேரம் எடுத்துக்க மாட்டாருங்க மேடம். அவராவது மரத்துப்போக ஊசி போடுவாரு” என்றான் டார்ச் பிடித்திருந்த முகமது ரியாஸ்.

“பேசாம எண்ணெய் விடு.”

ராமாமணிக்கு ஐம்பது வயது. இன்சூரன்ஸ் சர்வேயராக ஊர் ஊராகப் போய் நொறுங்கிய வண்டிகளைப் பார்த்தவர். வண்டிகள் பொய் சொல்லாது, வண்டிக்காரர்கள்தான் சொல்வார்கள் என்று அலுத்துப்போய், காந்திபுரத்தில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தவர். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஒரே உதவியாளன் ரியாஸ். அவன் வாய்க்கு லீவு கிடையாது.

துரு இளக்கும் எண்ணெய் சொட்டியது. ராமாமணி ஸ்பிரிங் கிளாம்ப்பின் இரண்டு நுனிகளையும் பிளையரால் கவ்வி அழுத்தினார். அது ஒரு முனகலோடு நகர்ந்தது. ஓஸ் அப்போதும் வரவில்லை. குழாயோடு ஒட்டிப்போயிருந்தது. இரு கையாலும் பிடித்து இடம் வலமாக முறுக்கி, ஒரு வழியாகப் பிடுங்கியபோது பழுப்புத் தண்ணீர் கொட்டி ரியாஸின் செருப்பை நனைத்தது.

“இது கீழ் ஓஸ். இதுல இருக்கிறது வண்டி வாங்கினப்போ வந்த கிளாம்ப். கழட்ட எவ்வளவு பாடு பார்த்தியா? இப்ப மேல் ஓஸைப் பாரு.”

மேல் ஓஸின் வாயில் பளபளவென்று வேறொரு கிளாம்ப். பட்டையைச் சுற்றி இறுக்கும் திருகு வகை. திருகின் தலையில் இரண்டு காது. ராமாமணி பிளையரைக் கீழே வைத்துவிட்டு, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அதைத் திருப்பினார். சத்தமில்லாமல் தளர்ந்தது. அடியில், ரப்பரில், பழைய ஸ்பிரிங் கிளாம்ப் வருடக்கணக்கில் அழுத்திய தடம் பள்ளமாகத் தெரிந்தது.

“யாரோ உக்காந்து, பாடுபட்டு, பழசைக் கழட்டிட்டு இதைப் போட்டிருக்காங்க. இந்த ஒரே இடத்துல மட்டும். ஏன்?”

“இதுக்கு ஸ்பேனர் வேண்டாம். ரெண்டு விரல் போதும். வேணும்கிறப்போ வேணும்கிற அளவுக்கு லூஸ் பண்ணிக்கலாம்” என்றான் ரியாஸ். பிறகு சிரிப்பை மறந்தான். “மறுபடி முறுக்கவும் செய்யலாம்.”

“அதான் மேக்னா கேட்ட கேள்விக்குப் பதில்.”

மேக்னா இந்த ஆலையின் சொந்தக்காரர் வேங்கடசாமியின் ஒரே மகள். ஆனி மாதத்தில் ஒரு நாள் வேங்கடசாமி தாராபுரத்தில் இருக்கும் தன் நிலத்தைப் பார்க்கக் கிளம்பினார். அமராவதிக் கரையில், மறைந்த மனைவி பங்காரம்மா வழியில் வந்த நிலம். குண்டடம் தாண்டி ஆளில்லாத இடத்தில் வண்டி கொதித்து நின்றது. கேனை எடுத்துக்கொண்டு சாலையோரக் கிணற்றில் தண்ணீர் எடுக்கப் போனவர் வழுக்கி விழுந்து இறந்தார். தனியாகப் போனவர், தவறி விழுந்தார் என்று போலீஸ் எழுதி முடித்தது. மறுநாள் ஒரு கான்ஸ்டபிள் ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றி, அதே வண்டியைச் சூலூர் வரை ஓட்டிக்கொண்டு வந்து விட்டார். வழியில் ஒரு சொட்டு ஒழுகவில்லை.

“ஒழுகாத வண்டியில முதல் நாள் மட்டும் தண்ணி எப்படிங்க தீர்ந்துபோச்சு?” மேக்னா ராமாமணியின் அலுவலகத்தில் வந்து கேட்டது இந்த ஒரு கேள்விதான். சித்தப்பா சசிதர் மேல் அவளுக்குச் சந்தேகம். ஆலையைப் பங்கு பிரிப்பதில் அண்ணன் தம்பிக்குள் கோர்ட் வரைக்கும் போன சண்டை. ராமாமணியைப் பற்றி வீட்டில், கணவன் யஷ்வந்திடம்கூட, இன்சூரன்ஸ் விசாரணைக்கு வருகிறவர் என்று மட்டும் சொல்லி வைத்திருந்தாள்.

காவலாள் வேலுமணி முற்றத்துக் குழாயில் ஓஸ் மாட்டி வேப்பங்கன்றுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். குழாய் வாயில் ஓஸைக் கட்டுக்கம்பியால் சுற்றிக் கட்டியிருந்தது. இடுக்கில் தண்ணீர் பீய்ச்சி அவர் வேட்டியை நனைத்தது. அதையே பார்த்தபடி ராமாமணி பக்கத்தில் போனார்.

“ஏனுங்க, இதுக்குக் கிளாம்ப் இல்லீங்களா? கம்பி போட்டுக் கட்டியிருக்கீங்க?”

“இருந்துச்சுங்க. காது வெச்ச கிளாம்ப்பு. ஐயா கழட்டிக்கிட்டாருங்க.”

“எந்த ஐயா?”

“எங்க பெரியவருதானுங்க, வேங்கடசாமி ஐயா. அவரு போறதுக்கு முந்தின ஞாயித்துக்கெழம. பானெட்டுக்குள்ள தலைய உட்டுட்டு மத்தியானம் வரைக்கும் நின்னாருங்க. நான் செய்யறேனுங்கன்னு போனதுக்கு, நீ போய் சாப்புடுன்னு தொரத்திப்போட்டாரு. கையெல்லாம் கீறல். ஆனா மொகத்துல ஒரு சிரிப்புங்க.” வேலுமணி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அம்மா போனதுக்கப்புறம் அவரு அப்படிச் சிரிச்சு நான் பார்க்கலீங்க.”

ரியாஸ் மெல்ல ராமாமணியின் காதோரம் குனிந்தான். “கொலைகாரனைத் தேடி வந்தா, செத்தவரு கையைத் தூக்கறாரே மேடம்.”

ராமாமணி பிடுங்கிய ஓஸைத் திரும்பச் சொருகி, கையைத் துடைத்துக்கொண்டார். “கிளம்பு. குண்டடம்.”

ரியாஸின் ஆம்னி வேன் பல்லடத்தைத் தாண்டியதும் காற்று பக்கவாட்டில் வந்து மோத ஆரம்பித்தது. இருபக்கமும் காற்றாலைகள். வெறும் காட்டில், ஒரு ஆடும் மேயாத வெயிலில், அவை மட்டும் சுற்றிக்கொண்டிருந்தன.

“தற்கொலையா மேடம்?”

“சாகப் போறவர் கிளாம்ப் மாத்திட்டிருக்க மாட்டார். அவருக்கு வேண்டியது வண்டி நடுவழியில நிக்கணும். யாருக்கும் சந்தேகம் வராம நிக்கணும்.”

“வண்டி நிக்கணும்னா பிரேக்னு ஒண்ணு இருக்கே. என் வண்டியில இல்லை, அது வேற விஷயம்.”

“அதையேதான் நானும் யோசிக்கிறேன். தனியாப் போறவருக்கு இஷ்டமில்லைன்னா வண்டியைத் திருப்பிட்டு வீட்டுக்கு வந்திருவார். தன் வண்டியைத் தானே கெடுத்து நிறுத்த வேண்டிய அவசியம் எப்ப வரும்?”

ரியாஸ் வேகத்தைக் குறைத்தான். “பக்கத்து சீட்டுல ஒருத்தன் உக்காந்திருந்தா.”

“இன்னொண்ணு. வண்டி நிக்கணும்னு அவ்வளவு ஆசைப்பட்டவர், நின்னதும் எதுக்குக் கேனைத் தூக்கிட்டுக் கிணத்துக்குப் போனார்?”

“அவரா போகலை. வண்டி கிளம்பணும்னு ஆசைப்பட்டவன் இழுத்துட்டுப் போயிருக்கான். தளர்ந்திருந்த கிளாம்ப்பை முறுக்கினதும் அவன்தான்.” ரியாஸ் கியரை மாற்றினான். “சசிதரா?”

“தம்பியை எதிர்த்துக் கோர்ட்டுல நின்னவர் வேங்கடசாமி. அவன்கிட்ட முடியாதுன்னு சொல்ல இவ்வளவு பாடு படுவாரா? இவர் முகத்துக்கு நேரா முடியாதுன்னு சொல்லவே முடியாத ஆள் ஒருத்தன் இருக்கணும்.”

“அப்படின்னா பொண்டாட்டிதான் மேடம். ஆனா அவங்கதான் போய்ச் சேர்ந்துட்டாங்களே.”

ராமாமணி கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

குண்டடம் தாண்டிச் சாலையோரத்தில் ஒரு பேக்கரி. அப்பா தாராபுரம் போனால் அங்கே நிறுத்தாமல் போகமாட்டார் என்று மேக்னா சொல்லியிருந்தாள். சூலூரிலிருந்து வந்த வண்டி அதற்கு முன் எங்கும் நிற்க வேண்டியதில்லை. விரல் வைத்துத் திருக வேண்டுமானால் இங்கேதான் திருகியிருக்க வேண்டும்.

கல்லாவில் இருந்த இளம்பெண் பெயர் யுவஸ்ரீ. கடை அவளுடையதுதான். வேங்கடசாமியின் படத்தைக் காட்டியதுமே அவள் முகம் வாடிவிட்டது.

“பேப்பர்ல பார்த்தேனுங்க. அன்னிக்கு இங்க வந்துட்டுத்தான் போனாரு. எப்பவும் தேங்காபன்னு கேப்பாருங்க. அன்னிக்கு ஒண்ணும் வேண்டாம்னுட்டாரு. பானெட்டைத் தூக்கிக் கொஞ்ச நேரம் என்னமோ பார்த்தாரு. வண்டியில ஏதாவதுங்களாய்யான்னு கேட்டேன். ஒண்ணுமில்ல கண்ணு, சூடாயிருக்கான்னு பார்த்தேன்னாரு.”

“தனியாவா வந்தார்?”

“இல்லீங்களே. கூட ஒரு அண்ணன் வந்தாரு. அவரு அந்த மரத்தடியில நின்னு போன் பேசிட்டே இருந்தாருங்க.”

ரியாஸ் சசிதரின் படத்தை போனில் எடுத்து நீட்டினான். யுவஸ்ரீ தலையாட்டினாள்.

“இவரில்லீங்க. இன்னும் சின்ன வயசு. கண்ணாடி போட்டிருந்தாரு.”

“போலீஸ்ல இதைச் சொன்னீங்களா?”

“யாரும் வந்து கேக்கலீங்க. கூட வந்தவரு சொல்லியிருப்பாருன்னு நெனச்சேன்.”

ராமாமணி வெளியே வந்து மேக்னாவின் எண்ணை அழுத்தினார். எடுத்ததும் காற்றின் இரைச்சல் கேட்டது.

“எங்க இருக்கீங்க அம்மணி?”

“பல்லடம் தாண்டிட்டோமுங்க மேடம். தாராபுரம் போயிட்டிருக்கோம். அப்பா நிலத்துக்கு இன்னைக்குப் பத்திரம். அவர்தான் ஓட்டறாரு.”

“ஆடி மாசத்துலயா பத்திரம் போடறீங்க?”

மேக்னா பதில் சொல்வதற்குள் ஒரு ஆண் குரல் மென்மையாக நுழைந்தது. “வணக்கம் மேடம், யஷ்வந்த் பேசறேன். ஸ்பீக்கர்லதான் இருக்கு. வாங்கறவங்க வெளியூர்க்காரங்க. ஆடி, ஆவணியெல்லாம் பார்க்க மாட்டாங்க. ஆனியிலயே முடிஞ்சிருக்க வேண்டியது. மாமாவுக்கு இப்படி ஆகி, தள்ளிப் போயிருச்சு.”

பேக்கரி வாசலில் வெயில் கொளுத்தியது. ராமாமணி போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டார்.

“அப்படிங்களா” என்றார் சாதாரணமாக. “இன்சூரன்ஸ் பேப்பர்ல மேக்னா கையெழுத்து ஒண்ணு விட்டுப்போச்சு. குண்டடம் தாண்டிப் பேக்கரியில நிக்கறோம். உங்களுக்கு வழிதானே?”

“அதுக்கென்னங்க மேடம். நிறுத்தறோம்.”

போனை வைத்ததும் ராமாமணி ரியாஸைப் பார்த்தார். அவனிடமிருந்து எந்த ஜோக்கும் வரவில்லை.

“மாப்பிள்ளை” என்றான்.

“ஆனியிலயே பத்திரம்னு அவனே சொல்லிட்டான். மகளுக்கு இந்த நிமிஷம் வரைக்கும் அது தெரியாது. அப்பா நிலத்தைப் பார்க்கப் போனார்னுதான் அவ நினைச்சிட்டிருந்தா. பொண்டாட்டி வழி நிலத்தை விக்க இஷ்டமில்லைன்னு மாப்பிள்ளை முகத்துக்கு நேரா சொன்னா, வீட்டுல மகளுக்குத்தான் கஷ்டம். அதனால அந்த மனுஷன் வாயால சொல்லாம வண்டியை விட்டுச் சொல்ல வெச்சார்.”

“ஆனா யஷ்வந்த் அன்னிக்கு மதுக்கரையில சிமெண்ட் லோடு விஷயமா இருந்தேன்னு வீட்டுல சொன்னாரே?”

“சொன்னான். யாரும் சரிபார்க்கலை. மனோஜ்குமாருக்குப் போன் போடு. உடனே ஜீப்போட வரச் சொல்லு. கடைப் பொண்ணுகிட்ட ஒண்ணும் சொல்லாதே. இயல்பா இருக்கட்டும்.”

மனோஜ்குமார் ராமாமணிக்குப் பழக்கமான சப் இன்ஸ்பெக்டர். ரியாஸ் பேசிவிட்டு வந்து தன் ஆம்னியை எடுத்து, சாலைக்கு அந்தப் பக்கம் திருப்பி நிறுத்தினான். பிறகு இருவரும் காத்திருந்தார்கள். கடைக்கு எதிரே காற்றாலையின் நிழல் தரையில் விழுந்து, எழுந்து, மறுபடி விழுந்தது.

வெள்ளைக் கார் வந்து நின்றது. யஷ்வந்த் இறங்கினான். இஸ்திரி கலையாத சட்டை, மெல்லிய சட்டமிட்ட கண்ணாடி. மேக்னா மறுபக்கம் இறங்கித் துப்பட்டாவைக் காற்றிலிருந்து பிடித்துக்கொண்டாள். ரியாஸ் சாவகாசமாகப் போய் ஆம்னியைக் கொண்டுவந்து காருக்குப் பின்னால் குறுக்கே நிறுத்தினான். முன்னால் பேக்கரிச் சுவர்.

“எங்க மேடம் கையெழுத்து?” என்றான் யஷ்வந்த்.

ராமாமணி வாயைத் திறப்பதற்குள் கல்லாவை விட்டு யுவஸ்ரீ எழுந்து வந்துவிட்டாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன.

“வாங்கண்ணா. மனசே கேக்கலீங்கண்ணா. அன்னிக்கு அவ்வளவு நல்லாப் பேசிட்டுப் போனாரு பெரியவரு. நீங்க கூட இருந்துமே இப்படி ஆயிருச்சுங்களே.”

கடைக்குள் மிக்ஸர் பாக்கெட்டுகள் காற்றில் சரசரத்தன.

“நான் இங்க வந்ததே இல்லையேம்மா” என்றான் யஷ்வந்த், சிரித்தபடி.

“வந்தீங்களேண்ணா. அதா, அந்த மரத்தடியில நின்னு பேசிட்டிருந்தீங்களே.” அவள் வெள்ளந்தியாகக் கையை நீட்டிக் காட்டினாள். பிறகுதான் மேக்னாவின் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

“நீங்க மதுக்கரையில இருந்தீங்க” என்றாள் மேக்னா.

“லேட்டாகுது மேக்னா. வண்டியில ஏறு. யாரையோ நினைச்சுக்கிட்டு இந்தப் பொண்ணு பேசுது.”

ராமாமணி பெருமூச்சு விட்டார். “விடுங்க யஷ்வந்த். அந்த வண்டியே சரியில்லாத வண்டி. ஓஸ் நைஞ்சு கிழிஞ்சுபோயிருந்தது. அதான் தண்ணி போச்சு. யார் கூட இருந்தாலும் அது நின்னுதான் இருக்கும். வேங்கடசாமி ஐயா வண்டியைச் சரியாப் பார்க்காம வந்ததுதான் தப்பு.”

“ஓஸ் ஒண்ணும் கிழியலை.” யஷ்வந்தின் குரல் முதல்முறையாக உடைந்தது. “கிழிஞ்சிருந்தா பரவாயில்லையே. அவர் கையாலயே திருகி விட்டிருந்தார் மேடம்! காலையில இருந்து சரிங்க மாப்பிள்ளை, சரிங்க மாப்பிள்ளைன்னுட்டு, என்னைப் பக்கத்துல உக்கார வெச்சுக்கிட்டு... வாங்கறவங்க அங்க ரிஜிஸ்டர் ஆபீஸ்ல காத்திட்டிருக்காங்க. என்னை என்னன்னு நினைச்சார்? முட்டாள்னா?”

சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்குத் தான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினான்.

“நான் தள்ளலை” என்றான். “கேனை எடுத்துட்டு வாங்கன்னு கிணத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். நல்ல தண்ணி ஊத்திட்டு எப்படியாவது போயிடலாம்னுதான். படியில வழுக்கிட்டார். கேனோட உள்ள போயிட்டார். நான் தொடக்கூட இல்லை.”

“விழுந்ததும் இறந்துட்டாரா?” ராமாமணி கேட்டார்.

அவன் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டான்.

“யஷ்வந்த். கூப்பிட்டாரா?”

“கூப்பிட்டார்.”

“என்னன்னு?”

காற்றாலையின் நிழல் அவன் மேல் விழுந்து கடந்து போனது. “மாப்பிள்ளைன்னு” என்றான்.

“நீங்க என்ன பண்ணினீங்க?”

“வண்டிக்கு வந்தேன். கிளாம்ப்பை முறுக்கினேன். கிளம்பிரலாம்னு பார்த்தேன். அப்புறம்தான் ஞாபகம் வந்தது, ஊத்தத் தண்ணி இல்லை. அந்தப் பக்கம் பஸ் வந்தது. ஏறிட்டேன்.”

“முறுக்கறப்போ அவர் சத்தம் கேட்டுட்டுதான் இருந்ததா?”

யஷ்வந்த் திரும்பிக் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான். இன்ஜினைப் போட்டான். பின்னால் ஆம்னி, முன்னால் சுவர். நகர வழியில்லை என்று தெரிந்தும் இறங்கவில்லை. கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு குனிந்து, மேக்னா உட்கார்ந்து வந்த பக்கத்துக் கதவை உள்ளேயிருந்து திறந்துவிட்டான்.

“ஏறு மேக்னா. வீட்டுக்குப் போயிப் பேசிக்கலாம்.”

திறந்த கதவைக் காற்று முன்னும் பின்னும் ஆட்டியது. மேக்னா அதை நோக்கி நடந்தாள். ரியாஸ் பதறி ஒரு அடி வைத்தான். ராமாமணி அவன் கையைப் பிடித்து நிறுத்தினார்.

மேக்னா குனிந்தாள். சீட்டின் மேல் இருந்த தன் கைப்பையை எடுத்தாள். அடியில் வைத்திருந்த பத்திரப் பையையும் எடுத்தாள். அவன் ஏதோ சொன்னான். அவள் நிமிர்ந்து, வெளியே நின்றபடி கதவைச் சாத்தினாள். அது சரியாகப் பூட்டவில்லை. மறுபடி திறந்து, ஓங்கிச் சாத்தினாள்.

தூரத்தில் குண்டடம் பக்கமிருந்து ஜீப் வரும் புழுதி தெரிந்தது. யுவஸ்ரீ ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள். மேக்னா உட்காரவில்லை. இரண்டு பைகளையும் மார்போடு அணைத்தபடி ராமாமணியிடம் வந்தாள்.

“அந்தக் கிணறு இங்கிருந்து பக்கமா மேடம்?”

“பக்கம்தான் அம்மணி.”

“என்னைக் கூட்டிட்டுப் போங்க” என்றாள். “எங்கப்பா கூப்பிட்டதுக்கு இன்னும் யாரும் போகலை.”